காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடத்தை மூடினால் போதுமா?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துல பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு அம்மாவாக உறுப்பினராக இருக்கிறேன். அதனாலதான் தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "காய்ச்சல் பரவுற நேரத்துல பள்ளிக்கூடமும் சுகாதாரத் துறையும் என்ன செய்யுது, நாம என்ன செய்யணும்னு பேசு" என்று சொன்னாங்க. சுகாதார நிலைய டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை போய்க் கேட்டேன். தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். பையன் செல்போனில் பழைய செய்தியெல்லாம் தேடிப் படித்துக் காட்டினான். அதையும் நம்ம ஊரில் கண்ணால் பார்த்ததையும் சேர்த்துச் சொல்றேன்.

முதல்ல ஒன்று. ஃப்ளூ என்கிற இன்ப்ளூயன்சா காய்ச்சல் வருஷா வருஷம் வர்றதுதான். மழைக்காலத்துல ஒரு சுற்று, மாசி பங்குனியில ஒரு சுற்று. காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி வலி. பெரும்பாலானவர்களுக்கு மூணு நாளில் காய்ச்சல் விட்டுடும், இருமல் மட்டும் ரெண்டு மூணு வாரம் இழுக்கும். ஆனா எப்போதாவது ஒரு தடவை, யார் உடம்புக்கும் பழக்கமில்லாத புது கிருமியாக அது மாறி வரும். அப்போ ஒரு ஊர், ஒரு நாடு என்று நிற்காமல் உலகம் முழுக்கப் பரவிடும். அதைத்தான் பெருந்தொற்று என்கிறார்கள். 1918-ல் அப்படி வந்தது. கப்பல் வழியாக பம்பாயில் இறங்கி, ரயில் போன ஊருக்கெல்லாம் போய், நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் ஜனங்களைக் கொண்டுபோனது. அப்புறம் 2009-ல் வந்தது. அதுக்கு நாம வைத்த பெயர் பன்றிக் காய்ச்சல்.

2009 உங்களில் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் ஏப்ரலில் மெக்சிகோ நாட்டில் பரவுவது தெரியவந்தது. ஜூன் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது. நம் நாட்டுக்கு மே மாதமே விமானத்தில் வந்திறங்கிவிட்டது. ஐதராபாத்தில்தான் முதல் நோயாளி. ஆகஸ்ட் 3-ஆம் தேதி புனேயில் 14 வயசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி இறந்துபோனாள். இந்தியாவில் அந்தக் காய்ச்சலுக்கு முதல் சாவு அதுதான். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 10-ஆம் தேதி, நம்ம சென்னையில் நாலு வயசுப் பையன். எனக்கு அப்போ ஏழாம் மாசம். பெரியவன் வயித்துல இருக்கிறான். டி.வி.யைப் போட்டாலே முகமூடி போட்ட ஜனங்கதான். என் மாமியார் டி.வி.யைப் போடவே விடலை. சுகாதார நிலையத்துல செக்கப்புக்குப் போனப்ப நர்ஸம்மா, "காய்ச்சல் வந்தா நீங்க ஒரு நாள்கூட வீட்ல வெச்சுப் பார்க்கக் கூடாது, உடனே வரணும்" என்று சொன்னாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு மட்டும் ரெண்டு நாள் பார்த்துட்டு வாங்கன்னாங்க. ஏன் எனக்கு மட்டும் தனியாச் சொல்றாங்கன்னு அன்னைக்குப் புரியலை. இந்தப் பேச்சுக்காக டாக்டரம்மாகிட்ட கேட்டபோதுதான் புரிந்தது.

அந்த வருஷம் மத்திய அரசு சுகாதாரத் துறை, காய்ச்சல்காரர்களை ஏ, பி, சி என்று மூணு வகையாகப் பிரிக்கச் சொல்லி எல்லா ஆஸ்பத்திரிக்கும் சொன்னது. இன்னைக்கு வரைக்கும் அந்த முறைதான். இதை நல்லா மனசுல வாங்கிக்குங்க, நம்ம கையில இருக்க வேண்டிய விஷயம்.

ஏ என்றால் லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி. டெஸ்ட் வேண்டாம், பெரிய மாத்திரை வேண்டாம். வீட்டிலேயே இருக்கணும், வெளியில் கலக்கக் கூடாது, ஒன்றிரண்டு நாளில் எப்படி இருக்குன்னு பார்க்கணும். பி என்றால் கடுமையான காய்ச்சலும் தொண்டை வலியும், இல்லைன்னா காய்ச்சல் வந்தவர் பலவீனமான ஆளாக இருப்பது. யார் பலவீனமானவர்? ஐந்து வயதுக்குள் குழந்தை, கர்ப்பிணி, 65 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, ஆஸ்துமா, இருதயம், கிட்னி நோய் உள்ளவர். இவங்களுக்கு டாக்டர் பார்த்து, ஃப்ளூவுக்கு என்றே இருக்கிற ஓசல்டாமிவிர் மாத்திரை கொடுப்பார். டாமிஃப்ளூ என்று கேள்விப்பட்டிருப்பீங்க, அதுதான். அது காய்ச்சல் ஆரம்பிச்ச ரெண்டு நாளுக்குள்ள போட்டாத்தான் நல்லா வேலை செய்யும். என்னை மட்டும் உடனே வரச் சொன்னது அதுக்குத்தான். சி என்றால் மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, சளியில் ரத்தம், நகம் நீலமாவது, ஆள் மயங்கின மாதிரி கிடப்பது. குழந்தையாக இருந்தால் பால், கஞ்சி எதுவும் குடிக்காமல் துவண்டு கிடப்பது, வலிப்பு வருவது. இதுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது, மறுநாள் காலையில போகலாம்கிறதும் கிடையாது. 108-க்குப் போன் போட வேண்டியதுதான்.

இது ஆஸ்பத்திரிக்காரர்கள் வேலை. பள்ளிக்கூடத்துக்கு வருவோம். காய்ச்சல் பரவுதுன்னு தெரிஞ்சா முதல்ல எல்லோரும் கேட்கிற கேள்வி, "ஸ்கூல் லீவா?" பிள்ளைங்க சந்தோஷமா கேட்கும், நாம பயந்துபோய் கேட்போம். மூடணுமா, திறந்து வைக்கணுமா என்று பெரிய பெரிய ஊரில் எல்லாம் நூறு வருஷமாகச் சண்டை நடந்திருக்கிறது.

1918-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்கிற ஊரில், காய்ச்சல் தலைகாட்டின உடனே பள்ளிக்கூடம், தியேட்டர், கூட்டம் எல்லாத்தையும் மூடினார்கள். பிலடெல்பியா என்கிற ஊரில் ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்து ஊர்வலம் விட்டுவிட்டு, நோய் வீட்டுக்கு வீடு நுழைந்த பிறகு மூடினார்கள். செயின்ட் லூயிஸில் சாவு ரொம்பக் குறைவு, பிலடெல்பியாவில் பிணம் புதைக்க ஆள் கிடைக்கவில்லை. அப்போ சீக்கிரம் மூடுவது நல்லதுன்னு தெரியுது இல்லையா? ஆனால் அதே வருஷம் நியூயார்க் நகரத்தில் பள்ளிக்கூடத்தை மூடவே இல்லை. அவங்க சொன்ன காரணத்தைக் கேளுங்க. எங்க பிள்ளைகள் பாதிப் பேர் காற்றோட்டமில்லாத சின்ன அறையில் பத்துப் பேரோடு குடியிருக்கிறவங்க, அந்த வீட்டைவிட பள்ளிக்கூடம் சுத்தமானது, அங்கே தினமும் பிள்ளையைப் பார்க்க ஒரு டாக்டரும் நர்ஸும் இருக்காங்க என்றார்கள். காலையில டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்க்கணும். சந்தேகமாக இருந்தால் தனியே உட்கார வைத்து டாக்டரிடம் காட்டணும். காய்ச்சல் இருந்தால் சுகாதாரத் துறை ஆளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகணும். வீட்டில் வைத்துப் பார்க்க வசதி இல்லையென்று தெரிந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கணும். நியூயார்க்கிலும் நிறையப் பேர் செத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வரிதான். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு ஆள் போய்ப் பார்த்திருக்கிறார்.

2009-லும் அதே கதைதான். மெக்சிகோவில் தலைநகரத்துப் பள்ளிகளை ஏப்ரல் 24-ஆம் தேதி மூடினார்கள், அடுத்த சில நாளில் நாடு முழுக்க மூடினார்கள். சின்னப் பிள்ளைகள் திரும்பிப் போக மே 11 ஆனது. அது புதுசாக வந்த நோய், எவ்வளவு பேரைக் கொல்லும் என்று யாருக்கும் தெரியாத நேரம், அதனால் அது நியாயம். அமெரிக்காவிலும் முதல்ல, ஒரு பிள்ளைக்கு இருந்தாலும் அந்தப் பள்ளியை மூடுங்கள், இரண்டு வாரம் வரை திறக்காதீர்கள் என்றார்கள். நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடின. ஆனால் மே 5-ஆம் தேதியே சொல்லை மாற்றிக்கொண்டார்கள். பயந்த அளவுக்கு நோய் கொடுமையாக இல்லை, பள்ளியைத் திறங்கள், காய்ச்சல் உள்ள பிள்ளையை மட்டும் வீட்டில் வையுங்கள் என்றார்கள். எத்தனை நாள் வைப்பது? காய்ச்சல் மாத்திரை போடாமலேயே உடம்பு 24 மணி நேரம் சூடில்லாமல் இருக்கணும். அதுக்கப்புறம் அனுப்பலாம். மாத்திரை போட்டுச் சூடு இறங்கினால் அது கணக்கில் வராது. இந்த ஒரு வரியை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம்.

நம் நாட்டிலும் அந்த ஆகஸ்டில் புனேயில் மூடினார்கள், மும்பையில் ஒரு வாரம் மூடினார்கள். அப்புறம் திறந்தார்கள். கொரோனாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது ஃப்ளூ இல்லை, வேற கிருமி. 2020 மார்ச்சில் மூடின ஒன்றாம் வகுப்பு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. என் பொண்ணு ஒன்றாம் வகுப்பைப் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் முடித்தவள். எழுத்துக்கூட்டிப் படிக்க இல்லம் தேடிக் கல்வித் தங்கச்சி வந்துதான் சொல்லிக் கொடுத்தது. மூடினால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம வீட்டிலேயே சாட்சி இருக்கு.

இப்போ நம்ம பக்கத்துக் கதைக்கு வர்றேன். நம்ம வானூர் பக்கம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் பாண்டிச்சேரி. சில இடத்துல ஒரே ரோட்டில் போகும்போதே ரெண்டு மூணு தடவை மாநிலம் மாறும். 2022 செப்டம்பரில் காய்ச்சல் ரொம்பப் பரவியபோது பாண்டிச்சேரி அரசு ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் 17-ஆம் தேதியிலிருந்து 25-ஆம் தேதி வரை லீவு விட்டது. தமிழ்நாட்டு சுகாதார அமைச்சர் லீவு தேவையில்லை என்றார். அதற்குப் பதிலாக 21-ஆம் தேதி ஒரே நாளில் மாநிலம் முழுக்க ஆயிரம் இடத்தில் காய்ச்சல் முகாம் வைத்தார்கள். 2023 மார்ச்சிலும் அதேதான். அங்கே 16-ஆம் தேதியிலிருந்து 26-ஆம் தேதி வரை எட்டாம் வகுப்பு வரைக்கும் லீவு. இங்கே 10-ஆம் தேதி ஆயிரம் முகாம், பள்ளிக்கூடம் திறந்தே இருந்தது. ஒரே காய்ச்சல், ஒரே காத்து, ரெண்டு அரசாங்கம்.

என் நாத்தனார் அந்தப் பக்கத்து ஊரில் இருக்கிறாள். கம்பெனி வேலை. லீவு விட்ட அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணினாள். "அண்ணி, பதினோரு நாள் லீவு விட்டுட்டாங்க. எனக்கு யாரு லீவு குடுப்பா? பசங்கள அங்க கொண்டாந்து விட்டுடறேன்." மறுநாள் காலையில் டி.வி.எஸ். வண்டியில் ரெண்டு பசங்களும் ரெண்டு பையோடு வந்து இறங்கினார்கள். சின்னவன் மூக்கு ஒழுகிக்கொண்டே வந்தான். பதினோரு நாளும் சாயங்காலம் ஆனா என் பிள்ளைகள், தெருப் பிள்ளைகள், அவர்கள் எல்லாம் சேர்ந்து கோயில் திடலில்தான் விளையாட்டு. நம்ம ஊர்ப் பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடம் போகும், சாயங்காலம் பாண்டிச்சேரிப் பிள்ளைகளோடு உருளும். என் வீட்டில் மட்டும் இல்லை, எங்க தெருவிலேயே நாலு வீட்டில் இப்படி வந்திருந்தார்கள்.

பாண்டிச்சேரி செய்தது தப்பு, நம்ம அரசு செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. அங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கூட்டம் நிரம்பி வழிந்தது, பயந்து மூடினார்கள். நான் சொல்ல வர்றது என்னன்னா, மூடினாலும் வீட்டில் ஒரு ஆள் வேணும், திறந்து வைத்து "காய்ச்சல் உள்ள குழந்தையை அனுப்பாதீர்கள்" என்று சொன்னாலும் வீட்டில் ஒரு ஆள் வேணும். அந்த ஆள் யாரு? நாமதான். எந்த உத்தரவுலயும் அது எழுதியில்லை.

எங்க பள்ளிக்கூட வாசலில் 2022 செப்டம்பரில் நோட்டீஸ் ஒட்டினாங்க. காய்ச்சல், இருமல் இருந்தால் மாணவரை வீட்டில் ஓய்வெடுக்கச் செய்யவும் என்று. நல்ல வார்த்தை. ஆனா காலையில என்ன நடக்குது? பிள்ளை உடம்பு சுடுது. அம்மா நாற்று நட ஏழு மணிக்குக் கிளம்பணும், போகலைன்னா அந்த நாள் கூலி போச்சு, கூட வர்ற கும்பலில் இடமும் போச்சு. பிள்ளை வீட்டில் இருந்தால் மத்தியானச் சாப்பாடு, முட்டை கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் போனால் சாப்பாடும் கிடைக்கும், பார்த்துக்க டீச்சரும் இருக்காங்க. அதனால அரை பாராசிட்டமாலை உடைத்துக் கொடுத்து, துண்டால் முகத்தைத் துடைத்து அனுப்பிடறாங்க. பத்து மணிவரை பிள்ளை நல்லாத்தான் இருக்கும். பதினொரு மணிக்கு மாத்திரை வேகம் இறங்கினதும் பெஞ்சில் தலையைச் சாய்ச்சிடும். அதுக்குள்ள பக்கத்துல உட்கார்ந்த நாலு பேருக்குக் கொடுத்தாச்சு.

இப்படி அனுப்பின அம்மாக்களை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருத்தர் "பொறுப்பில்லாதவங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், அந்த அம்மா அன்னைக்கு நடவுக்குப் போகலைன்னா ராத்திரி அரிசி வாங்கக் காசில்லை. அந்தக் காசை யாரு தருவா, அதைச் சொல்லுங்க" என்று கேட்டேன். பதில் இல்லை. அது பள்ளிக்கூடத்தால் தர முடிகிற பதிலும் இல்லை. அதனால அந்தப் பேச்சை நான் நம்ம குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தேன்.

எங்க குழுவில் பன்னிரண்டு பேர். மாசம் ஆளுக்குப் பத்து ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறது, யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து அம்மா வேலைக்குப் போகாமல் நிற்கிறாளோ அவளுக்கு நாளைக்கு நூற்றைம்பது ரூபாய், அதிகம் மூணு நாள் என்று பேசினோம். கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம். உடனே ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீங்க. எங்க குழுவில் மூணு அக்காக்களுக்குப் பிள்ளைங்க பெரிசாகி கல்யாணமே ஆச்சு. "எங்களுக்கு என்ன வரும் இதுல?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்விதான். கடைசியில் வீட்டில் இருக்கிற வயசான மாமியார், மாமனார், கர்ப்பிணி மருமகள் காய்ச்சலுக்கும் உண்டு என்று சேர்த்தபிறகுதான் கையெழுத்துப் போட்டாங்க. இன்னொரு அக்கா, "காய்ச்சல்னு பொய் சொல்லிக் காசு வாங்கினா?" என்றார். அதுக்கு ஒரு வழி செய்தோம். நம்ம குழுவிலேயே ஒரு தங்கச்சி மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக இருக்குது. வீட்டுக்கு வீடு பிரஷர், சுகர் பார்க்கப் போற பெண்தான். அது போய் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதும். அது எழுதினால் காசு. இதுவரைக்கும் பொய்க் காய்ச்சல் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்காரர் காய்ச்சலுக்குக் கேட்டு ஒருத்தி வந்தாள், அதைத் தள்ளிவிட்டோம். அந்த மனுஷனுக்குத் தனக்குத்தானே கஞ்சி வைத்துக்கொள்ளத் தெரியும்.

அந்தப் பணம் பெரிய பணம் இல்லை. நடவுக் கூலியில் பாதிகூட வராது. ஆனாலும் 2023 மார்ச்சில் எங்க குழுவில் நாலு வீட்டுப் பிள்ளைகள் காய்ச்சலோடு பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்கள். அதில் ஒரு வீட்டில்தான் ரெண்டாவது நாள் சாயங்காலம் பிள்ளை மூச்சை இழுத்து இழுத்து விட்டது, விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. அம்மா பக்கத்துல இருந்ததால பார்த்தாள். தெர்மாமீட்டர் தங்கச்சி ஓடி வந்து 108-க்குப் போன் போட்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு பிள்ளை நல்லபடியாக வந்துவிட்டான். இன்னைக்கு அந்த அம்மா இந்தக் கூட்டத்தில் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்திலும் ஒன்று மாற்ற வேண்டியிருந்தது. வருஷக் கடைசியில் ஒருநாள்கூட லீவு போடாத பிள்ளைக்கு "முழு வருகைப் பரிசு" என்று டிபன் பாக்ஸ் கொடுப்பாங்க. அந்த டிபன் பாக்ஸுக்காகப் பிள்ளைகளே காய்ச்சலை மறைச்சுக்கிட்டு வருது. "அம்மா, நான் நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நடுங்கும். மேலாண்மைக் குழுவில் இதை எடுத்துச் சொன்னேன். தலைமை ஆசிரியர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பரிசு இல்லைன்னா பிள்ளைகள் வரமாட்டார்கள் என்றார். அவர் கவலையும் கவலைதான், முந்திரி சீசனில் பாதி வகுப்பு காலியாகும் ஊர் எங்க ஊர். ரெண்டு கூட்டம் பேசின பிறகு, அம்மா எழுதிக் கொடுத்தனுப்பும் காய்ச்சல் லீவைக் கணக்கில் சேர்ப்பதில்லை, பரிசு உண்டு என்று முடிவாயிற்று. உங்க ஊர்ப் பள்ளியிலும் கேளுங்க. மேலாண்மைக் குழுவில் பெரும்பாலும் பெற்றோர்தான், பாதிப் பேராவது பெண்களாக இருக்கணும். மாசம் ஒரு தடவை கூட்டத்தில் டீ குடிக்க மட்டும் இல்லை அந்த இடம்.

இன்னொரு விஷயம், இது நம்ம கூட்டமைப்புக்கே நேராக வர்றது. 2023 ஆகஸ்ட் 25-ஆம் தேதியிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளியிலும் காலை உணவு. கிராமங்களில் சமைக்கிறது யாரு? நம்ம குழுப் பெண்கள்தான். விடிகாலையில எழுந்து போய் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் செய்து போடறாங்க. நம்ம பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிக்கிறதால்தான் நமக்கு அந்த வேலையே. அந்தச் சமையல் செய்கிற அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால்? லீவு போட்டால் அன்றைய பணம் போகும், அதைவிட, "நான் போகலைன்னா பிள்ளைங்க பட்டினியா நிக்குமே" என்கிற மனசு. இருமிக்கொண்டே பாத்திரத்தைக் கிளறினால் அத்தனை பிள்ளைக்கும் போகும். இதுக்கு ஒவ்வொரு பள்ளிக்கும் மாற்று ஆள் ஒருத்தியை இப்பவே பேசி, பழக்கி வைக்கணும். காய்ச்சல் வந்த பிறகு தேடினால் விடியற்காலை நாலு மணிக்கு யார் வருவா?

சுகாதாரத் துறைக்கும் நாம கொஞ்சம் உதவணும், அவங்களையும் கொஞ்சம் கேட்கணும். ஒரே வகுப்பில் மூணு நாலு பிள்ளை ஒரே வாரத்தில் காய்ச்சலில் படுத்தால் அதைத் தலைமை ஆசிரியர் சுகாதார நிலையத்துக்கு உடனே சொல்லணும். நாமளும் நர்ஸம்மாகிட்ட சொல்லலாம், 104-க்குப் போன் பண்ணிக் கேட்கலாம். சொன்னால்தான் நடமாடும் குழு வரும். முகாம் வைக்கிற நேரத்தையும் பேசணும். காலையில் பத்து மணிக்கு முகாம் வைத்தால் ஊரில் இருக்கிறது வயசானவங்க மட்டும்தான், மத்தவங்க காட்டில் இருப்போம். சாயங்காலம் வையுங்கள் என்று எங்க ஊரில் கேட்டோம், ஒரு தடவை வைத்தார்கள், கூட்டம் ரெண்டு மடங்கு. தொடர்ந்து வைக்க ஆள் பத்தாது என்கிறார்கள். நர்ஸம்மா இங்கேயே இருக்காங்க, அவங்களைக் குறை சொல்லலை, அவங்களுக்கு மேலே இருக்கிறவங்க காதில் விழட்டும் என்றுதான் மைக்கில் சொல்றேன்.

மருந்துக் கடையில் போய் "காய்ச்சலுக்கு நாலு மாத்திரை குடுங்க" என்று வாங்குகிற பழக்கம் நம்மகிட்ட போகவே மாட்டேங்குது. ஃப்ளூ வைரஸ் கிருமி. அசித்ரோமைசின், அமாக்சிசிலின் மாதிரி மாத்திரைகள் அதை ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே, சாதாரண ஃப்ளூவுக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்று தன் டாக்டர்களுக்கே எழுதியது. குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. நம்ம பக்கம் மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்து வரும், அதனால காய்ச்சல் ரெண்டு நாளைத் தாண்டினால் ரத்தம் பார்க்கணும். நிலவேம்புக் கஷாயம் எங்க வீட்டிலும் காய்ச்சுவோம், என் மாமியார் காய்ச்சினால் தெருவே கசக்கும். குடிங்க, வேண்டாம்னு சொல்லலை. அதைக் குடிச்சாச்சுன்னு ஆஸ்பத்திரிக்குப் போகாம மட்டும் இருக்காதீங்க.

2009-ல் வந்த பெருந்தொற்று முடிந்துவிட்டதாக 2010 ஆகஸ்ட் 10-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனா அந்தக் கிருமி எங்கேயும் போகவில்லை. வருஷா வருஷம் வர்ற ஃப்ளூவில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது, 2022-ல் நம்ம பிள்ளைகளுக்கு வந்ததில் அதுவும் இருந்தது. புதுசாக ஒன்று எப்போ வரும் என்று டாக்டர்களுக்கே தேதி தெரியாது. அது கொடுமையானதாக இருந்தால் அரசாங்கம் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் மூடத்தான் வேண்டும், அதை நான் எதிர்க்கமாட்டேன். அன்னைக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒரு ஆள் வேலையை விட்டு நிற்கணும். பன்னிரண்டு பேர் போடுகிற பத்து ரூபாய் அதுக்குத் தாங்காது. அதனாலதான் கூட்டமைப்பிடம் ஒரு தீர்மானம் கேட்கிறேன்.

ஒவ்வொரு குழுவும் காய்ச்சல் நிதி தனியாக வைப்பது, அதில் ஒரு பங்கைக் கூட்டமைப்புக் கணக்கில் சேர்ப்பது, பள்ளி மூடும்படி உத்தரவு வந்தால் அந்த மாதத் தவணையைத் தள்ளி வைக்க வங்கியிடம் கூட்டமைப்பே பேசுவது, காலை உணவுக்கு மாற்றுச் சமையலாள் பட்டியல் தயார் செய்வது. நாலும் ஒரே தாளில் எழுதி செயலாளர் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். தவணை விஷயத்தில் சில பேருக்கு மாற்றுக் கருத்து இருக்குன்னு தெரியும், வங்கி ஒத்துக்குமான்னு சந்தேகமும் இருக்கு. அதைச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கிற கூட்டத்தில் வெளிப்படையாகவே பேசுங்க. ஊருக்குப் பஸ் நாலரைக்குத்தான், யாரும் பாதியில எழுந்து போயிடாதீங்க.